பொத்தானும் பைத்தானும்



காலையில் மரம் வெட்டி, மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, பால் கொட்டகைக்குக் கொண்டுவந்து நிறுக்கும் நேரம் நம்மில் பலருக்கும் பழகிய நேரம். முன்பெல்லாம் தராசுக்குப் பக்கத்தில் கிராணியார் ஒரு புத்தகத்தோடு நிற்பார். எடையை உரக்கச் சொல்வார், எழுதுவார். நாமும் நமது சிட்டையில் குறித்துக்கொள்வோம். இன்று பல இடங்களில் அந்தப் புத்தகம் போய், உள்ளங்கை அளவுள்ள ஒரு திரை வந்துவிட்டது. எடையைத் தட்டுகிறார்கள், பொத்தானை அழுத்துகிறார்கள், ஓர் எண் வந்து நிற்கிறது. செம்பனைத் தோட்டங்களிலும் இதே நிலைதான். குலைகளை எண்ணித் திரையில் பதிகிறார்கள்.

ஒரு நாள் எங்கள் பள்ளியில் படிக்கும் மாணவி ஒருத்தியின் தாயார் எங்களிடம் வந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக மரம் வெட்டுகிறவர். அவர் கேட்டார்: "சார், புத்தகத்துல எழுதினா நாமளும் ஒரு தடவை பெருக்கிப் பார்க்கலாம். திரையில வர்ற கணக்கை எப்படி சார் பெருக்கிப் பார்க்கிறது? உள்ளே என்ன நடக்குதுன்னே தெரியலையே."

நல்ல கேள்வி. படித்தவர்கள் பலரும் கேட்க மறக்கும் கேள்வி. எங்களாலும் உடனே விடை சொல்ல முடியவில்லை. "அம்மா, கொஞ்ச நாள் பொறுங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து அப்படி ஒரு திரையை நாங்களே செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்றோம். அப்படிச் செய்து பார்த்ததில் கற்ற பாடத்தைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறோம்.

முதலில், திரை என்பது எதனால் ஆனது என்று பார்ப்போம்.

சமையலறையில் அடுப்பு ஓரிடம், அம்மி ஓரிடம், தண்ணீர்க் குடம் ஓரிடம் என்று வைத்திருக்கிறோம் அல்லவா? அதைப் போலவே திரையிலும் பல உறுப்புகள் அங்கங்கே வைக்கப்பட்டிருக்கின்றன. எண்ணையோ பெயரையோ தட்டி நிரப்பும் இடம் எழுத்துப்பெட்டி. அழுத்தும் இடம் பொத்தான். நம்மால் மாற்ற முடியாதபடி ஒரு செய்தியை மட்டும் காட்டி நிற்பது லேபிள். தமிழில் எழுத்துப்பலகை என்று சொல்லிக்கொள்வோம். பல பெயர்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது தெரிவுப்பட்டியல். நீங்கள் கைத்தொலைபேசியில் காணும் எந்தத் திரையையும் இப்படிப் பிரித்துப் பார்க்கலாம்.

இவ்வுறுப்புகள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று பண்பு, மற்றொன்று நிகழ்ச்சி.

பண்பு என்பது அந்த உறுப்பின் நிலை. அதில் என்ன எழுதியிருக்கிறது? என்ன நிறம்? கண்ணுக்குத் தெரிகிறதா, மறைந்திருக்கிறதா? அழுத்தினால் வேலை செய்யுமா, செய்யாதா? இவை பண்புகள். நிகழ்ச்சி என்பது அந்த உறுப்புக்கு நேர்வது. பொத்தானை ஒருவர் அழுத்துகிறார். அது ஒரு நிகழ்ச்சி. பெட்டியில் இருந்த எண்ணை ஒருவர் மாற்றுகிறார். அதுவும் ஒரு நிகழ்ச்சி.

பள்ளிக்கூட மணியை நினைத்துப் பாருங்கள். மணி அடிப்பது நிகழ்ச்சி. ஆனால் மணிக்கு ஓசை எழுப்ப மட்டுமே தெரியும். முதல் மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும், அடுத்த மணிக்கு வகுப்புக்குள் போக வேண்டும் என்பதெல்லாம் மணிக்குத் தெரியாது. அவை பள்ளி வகுத்த ஒழுங்கு. பொத்தானும் அப்படித்தான். "என்னை அழுத்திவிட்டார்கள்" என்று மட்டுமே அது சொல்லும். அதன் பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதை யாராவது ஒருவர் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். அந்த எழுத்துக்குத்தான் நிரல் என்று பெயர்.

பொத்தானை அழுத்தியதும் வருகிற எண் வானத்திலிருந்து விழுந்ததன்று. ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதிய விதிப்படி வந்தது. ஆகவே அந்தத் தாயாரின் கேள்விக்கு முதல் விடை இது: திரைக்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது, விதி என்றால் அதைப் படிக்கவும் முடியும், சரிபார்க்கவும் முடியும்.

முற்காலத்தில் ஒரு பொத்தானைத் திரையில் வரைவதற்கே பல வரிகள் நிரல் எழுத வேண்டியிருந்தது. எத்தனை அகலம், எத்தனை உயரம், எந்த மூலையில் என்பதையெல்லாம் எழுத்திலேயே சொல்ல வேண்டும். 1991-ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனம் விசுவல் பேசிக் என்னும் கருவியை வெளியிட்டது. அதில் பொத்தானைச் சுட்டியால் இழுத்து வேண்டிய இடத்தில் வைக்கலாம். அதன் பிறகு அது செய்ய வேண்டிய வேலையை மட்டும் எழுதினால் போதும். அந்த வழியில் வளர்ந்து வந்தவைதான் இன்றைய லோ-கோட் கருவிகள். லோ-கோட் என்றால் குறைந்த நிரல் என்று பொருள். ஃபாரஸ்டர் என்னும் அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2014-இல் இந்தப் பெயரைப் பரப்பியது. தோற்றத்தை இழுத்து வைத்து அமைத்துக்கொள். மூளையை மட்டும் எழுது. இதுதான் இக்கருவிகளின் முறை.

மூளையை எந்த மொழியில் எழுதுவது? கருவிக்குக் கருவி மொழி மாறும். நாங்கள் எடுத்துக்கொண்டது பைத்தான் மொழி. நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கைடோ வான் ரோசம் என்பவர் 1989-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் இதை எழுதத் தொடங்கினார், 1991-இல் வெளியிட்டார். பைத்தான் என்றதும் மலைப்பாம்பு நினைவுக்கு வரும். ஆனால் அவர் பெயர் வைத்தது பாம்பை எண்ணியன்று. மாண்டி பைத்தான் என்னும் பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியை எண்ணி வைத்தார். படிப்பதற்கு எளிதாக இருக்க வேண்டும் என்பதே இம்மொழியின் நோக்கம். ஆகவேதான் பிள்ளைகளுக்குத் தொடக்கமாக இதைக் கற்பிக்கிறார்கள். தமிழில் நிரல் எழுதுவதற்காக உருவாக்கப்பட்ட எழில் என்னும் மொழியும் பைத்தான் மொழியைக் கொண்டே கட்டப்பட்டது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

பைத்தான் மொழியால் திரை உறுப்புகளை ஆட்டிவைக்கும் லோ-கோட் கருவிகளுள் ஒன்று ஆன்வில். கொல்லன் பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்துத் தட்டும் அடைகல்லுக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்து வந்தது. கணினியில் இணைய உலாவியைத் திறந்தே இதில் வேலை செய்யலாம். தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. பயில்வதற்கு இலவசக் கணக்கும் உண்டு. செய்து முடித்த செயலியைக் கைத்தொலைபேசியிலும் திறந்து பார்க்கலாம்.

இனி, எங்கள் பிள்ளைகள் செய்த திரையைப் பார்ப்போம்.

நாம் கொட்டகைக்குக் கொண்டுவரும் பாலில் தண்ணீரும் உண்டு; ரப்பரும் உண்டு. ஆகவே பாலின் எடை ஒன்று, அதிலுள்ள உலர்ந்த ரப்பரின் எடை மற்றொன்று. மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியைக் கொண்டு ரப்பரின் விழுக்காட்டைப் பார்ப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். கணக்கு எளிது. பாலின் எடையை விழுக்காட்டால் பெருக்கி, 100-ஆல் வகுக்க வேண்டும். பால் 38 கிலோ, விழுக்காடு 32 என்றால், உலர்ந்த ரப்பர் 12.16 கிலோ. நான்காம் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் போடும் கணக்குதான்.

பிள்ளைகள் முதலில் கணினியைத் தொடவில்லை. ஒரு தாளில் திரையை வரைந்தார்கள். மேலே மூன்று எழுத்துப்பெட்டிகள்: முதல் நிறுவை, இரண்டாம் நிறுவை, விழுக்காடு. அதற்குக் கீழே 'கணக்கிடு' என்று ஒரு பொத்தான். அதற்கும் கீழே விடையைக் காட்ட ஒரு எழுத்துப்பலகை. அவ்வளவுதான். பிறகு ஆன்வில் கருவியில் அந்தந்த உறுப்பை இழுத்து அந்தந்த இடத்தில் வைத்தார்கள். இதற்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

அடுத்து ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர் வைக்க வேண்டும். பெயர் இல்லாவிட்டால் நிரலில் அதை எப்படிக் கூப்பிடுவது? பொதுவாக ஆங்கில எழுத்தில்தான் பெயர் வைப்பார்கள். இந்த உரைக்காக நாம் தமிழிலேயே சொல்லிக்கொள்வோம். எடைப்பெட்டி ஒன்று, எடைப்பெட்டி இரண்டு, விழுக்காட்டுப்பெட்டி, கணக்குப்பொத்தான், விடைப்பலகை.

பிறகு பொத்தானைத் தேர்ந்தெடுத்து, அதன் நிகழ்ச்சிகளில் 'கிளிக்', அஃதாவது அழுத்துதல், என்பதைத் தொட்டால், கருவியே நிரலின் தலைப்பு வரியை எழுதிக் கொடுத்துவிடுகிறது. "இந்தப் பொத்தானை அழுத்தும்போது செய்ய வேண்டியவை" என்பது அந்த வரியின் பொருள். அதற்குக் கீழே நம் கட்டளைகளை எழுத வேண்டும்.

கட்டளை எழுதும் முறை இதுதான். உறுப்பின் பெயரைச் சொல், ஒரு புள்ளி வை, பண்பின் பெயரைச் சொல், சமக்குறி போடு, புதிய நிலையைச் சொல். விடைப்பலகை, புள்ளி, 'டெக்ஸ்ட்', சமக்குறி, 12.16 என்று எழுதினால், விடைப்பலகையில் 12.16 தோன்றும். 'டெக்ஸ்ட்' என்பது எழுதப்பட்டிருப்பதைக் குறிக்கும் பண்பு. 'விசிபிள்' என்பது தெரிவதா மறைவதா என்பதைக் குறிக்கும் பண்பு. 'எனேபிள்டு' என்பது வேலை செய்யுமா செய்யாதா என்பதைக் குறிக்கும் பண்பு. இம்மூன்றையும் தெரிந்துகொண்டால் பாதி வேலை தெரிந்தது போலத்தான்.

பைத்தான் மொழியில் இன்னோர் ஒழுங்கு உண்டு. ஒரு தலைப்பு வரிக்குக் கீழே அடங்கும் கட்டளைகளை ஒரே அளவு உள்ளே தள்ளித் தொடங்க வேண்டும். தோட்டத்தில் நிரை பிடித்துக் கன்று நடுவதைப் போன்றது இது. நிரை தவறி நட்ட கன்று அடுத்தவர் பங்கில் சேர்ந்துவிடும் அல்லவா? இங்கும் இடம் தவறி எழுதிய கட்டளை வேறொரு தலைப்பின் கீழ்ச் சேர்ந்துவிடும். அல்லது கணினி அதை ஏற்க மறுக்கும்.

பிள்ளைகள் நிரலை எழுதினார்கள். முதல் பெட்டியில் 26, இரண்டாம் பெட்டியில் 12, விழுக்காடு 32 என்று இட்டு, பொத்தானை அழுத்தினார்கள். விடைப்பலகையில் வந்த எண் என்ன தெரியுமா? 835.84.

வகுப்பே சிரித்தது. 26-ம் 12-ம் 38 அல்லவா? பிறகு எப்படி 835 கிலோ? ஒரு மணி நேரம் தேடினோம். காரணம் இதுதான். எழுத்துப்பெட்டியில் நாம் தட்டுவதைக் கணினி எண்ணாக எடுத்துக்கொள்வதில்லை, எழுத்தாகவே எடுத்துக்கொள்கிறது. இரண்டு எழுத்துச் சரங்களைக் கூட்டு என்றால் பைத்தான் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைக்கும். 'பால்' என்பதையும் 'மரம்' என்பதையும் கூட்டினால் 'பால்மரம்' ஆகும். அதே விதிப்படி '26'-ஐயும் '12'-ஐயும் கூட்டினால் '2612' ஆகிவிட்டது. எங்கள் பிள்ளை கூட்டிய பிறகு எண்ணாக மாற்றியிருந்தான். எண்ணாக மாற்றிய பிறகு கூட்டியிருக்க வேண்டும். இரண்டு சொற்கள் இடம் மாறியதால் வந்த வினை.

இதற்குக் கருவியிலேயே ஒரு வழி இருக்கிறது. எழுத்துப்பெட்டியின் வகையை 'எண்' என்று மாற்றிவிட்டால், உள்ளே இட்டது எண்ணாகவே நிரலுக்கு வந்து சேரும். அப்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டியில் எதையும் இடாமல் விட்டால், 'ஒன்றுமில்லை' என்னும் குறி வருமே தவிர, பூஜ்யம் வராது. இவை இரண்டும் ஒன்றல்ல. மழை பெய்து பால் கிடைக்காத நாள் பூஜ்யம். நிறுத்த எடையை எழுத மறந்த நாள் 'ஒன்றுமில்லை'. இரண்டையும் ஒன்றாக எண்ணும் கணக்கு நியாயமான கணக்கு ஆகாது. ஆகவே பிள்ளைகள் ஒரு கட்டளை சேர்த்தார்கள்: பெட்டிகளுள் ஒன்று வெறுமையாக இருந்தாலும் கணக்குப்பொத்தான் வேலை செய்யாமல் உறங்கட்டும். அதற்கு 'எனேபிள்டு' என்ற பண்பைப் 'பொய்' என்று மாற்றினால் போதும். மூன்றும் நிரம்பியதும் 'மெய்' என்று மாற்ற, பொத்தான் விழித்துக்கொள்ளும். விழுக்காடு 100-க்கு மேல் போனால் விடைப்பலகை சிவப்பாகி, "விழுக்காட்டைச் சரிபார்க்கவும்" என்று சொல்லும்படியும் செய்தார்கள்.

இன்னொரு குறையை ஒரு மாணவிதான் கண்டுபிடித்தாள். விடை வந்த பிறகு எடைப்பெட்டியில் உள்ள எண்ணை மாற்றினால், பழைய விடை அப்படியே நிற்கிறது. மேலே புதிய எடை. கீழே பழைய விடை. வேகமாகப் பார்க்கிறவர் இரண்டும் ஒரே கணக்கு என்று எண்ணிவிடுவார். ஆகவே, பெட்டியில் உள்ளது மாறும் நிகழ்ச்சி நேர்ந்தவுடன் விடைப்பலகையைத் துடைத்துவிடு என்று ஒரு கட்டளை எழுதினோம். கரும்பலகையில் புதுக் கணக்கு எழுதுவதற்கு முன் பழைய விடையை அழிப்பது போலத்தான்.

இப்போது எல்லாம் சரி என்று எங்களுக்குத் தோன்றியது. 26, 12, 32 என்று இட்டோம். விடைப்பலகையில் 12 கிலோ என்று வந்தது. தலையாட்டினோம். பிள்ளைகளைப் பாராட்டினோம். அந்தத் தாயாரை வரச்சொல்லிக் காட்டினோம்.

அவர் தமது சிட்டையை எடுத்து வந்திருந்தார். பழைய நாட்களின் எடைகளை ஒவ்வொன்றாகத் திரையில் இடச்சொன்னார். விடைகளைத் தம் கையால் பெருக்கி வைத்திருந்த எண்களோடு ஒப்பிட்டார். பிறகு மெல்லக் கேட்டார்: "சார், என் கணக்குல 12.16 வருது. உங்க திரையில 12-தான் வருது. அந்த 16 எங்க சார் போச்சு?"

எங்களுக்கு முகம் சுருங்கிவிட்டது. நிரலைத் திறந்து பார்த்தோம். விடை அழகாக வர வேண்டும் என்பதற்காக, ஒரு பிள்ளை 'இன்ட்' என்னும் கட்டளையைச் சேர்த்திருந்தான். அது ஓர் எண்ணின் முழுப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டி எறிந்துவிடும். 12.16-உம் 12 ஆகும்; 12.99-உம் 12 தான் ஆகும். நிரலைச் சரிபார்த்த ஆசிரியர்களாகிய நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. பிழை பிள்ளையுடையதன்று, எங்களுடையது.

0.16 கிலோ சின்ன அளவுதானே என்று தோன்றும். ஒவ்வொரு நாளும் இந்த அளவே வெட்டுப்பட்டால், 25 நாள் வேலைக்கு 4 கிலோ. அது ஒருவருக்கு. ஒரு பிரிவில் 50 பேர் வெட்டினால் மாதம் 200 கிலோ. யாரும் திருடவில்லை, யாரும் ஏமாற்றவும் நினைக்கவில்லை. ஒரே ஒரு சொல் செய்த வேலை. 835 என்று வந்த பிழை பெரிய பிழை. ஆகவே எல்லாருக்கும் தெரிந்தது. 12 என்று வந்த பிழை சின்னப் பிழை. ஆகவே சிட்டை வைத்திருந்தவருக்கு மட்டுமே தெரிந்தது.

முழு எண்ணாக்கும் மற்றொரு கட்டளை 'ரவுண்ட்'. இது அருகில் உள்ள முழு எண்ணுக்குக் கொண்டுபோகும். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சரிபாதியாக நிற்கும் எண்ணைப் பைத்தானின் மூன்றாம் பதிப்பு பக்கத்திலுள்ள இரட்டை எண்ணுக்குத் தள்ளும். 12.5 என்றால் 12 வரும், 13.5 என்றால் 14 வரும். பள்ளியில் நாம் கற்றுக்கொடுப்பது அரை என்றால் மேலே ஏற்று என்பது. எந்த முறை சரி என்பதைக் கணினி முடிவு செய்யக்கூடாது. கணக்கு யாருக்காகப் போடப்படுகிறதோ அவர்களும் அறிந்து ஒப்புக்கொண்ட முறையாக இருக்க வேண்டும். நாங்கள் அந்த 'இன்ட்' கட்டளையை நீக்கினோம். விடைப்பலகையில் இரண்டு தசம இடம் வரை காட்டினோம். விடைக்குப் பக்கத்தில், "26 + 12 = 38; 38 × 32 ÷ 100" என்று கணக்குப் போட்ட வழியும் தெரியும்படி இன்னொரு எழுத்துப்பலகை வைத்தோம். அந்தத் தாயார் அதைப் பார்த்துவிட்டு, "இப்பப் பெருக்கிப் பார்க்கலாம் சார்" என்றார்.

நேயர்களே, இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். உறுப்புகளை மறைக்கலாம் என்று சொன்னோம். மறைப்பது வேறு, பூட்டுவது வேறு. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஆன்வில் போன்ற கருவிகளில் நிரல் இரண்டு இடங்களில் ஓடும். ஒன்று, திரையைப் பார்க்கிறவரின் கைத்தொலைபேசியில் அல்லது கணினியில். மற்றொன்று, தொலைவில் உள்ள சர்வர் என்னும் பொதுக் கணினியில். முதலாவது கொட்டகையின் வாசலில் மாட்டிய கரும்பலகை போன்றது. இரண்டாவது அலுவலகத்துக்குள் இருக்கும் பூட்டிய அலமாரி போன்றது. கரும்பலகையின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடலாம். ஆனால் துணியை விலக்கத் தெரிந்தவர் விலக்கிப் பார்த்துவிடுவார். 'விசிபிள்' என்பதைப் 'பொய்' என்று மாற்றுவது துணி போடுவது போலத்தான். ஆகவே ஒவ்வொருவரின் சம்பளம், அடையாள அட்டை எண், கடவுச்சொல் முதலியவற்றைத் திரையில் மறைத்து வைத்துவிட்டுப் பாதுகாப்பு என்று எண்ணக்கூடாது. அவற்றைச் சர்வரில் வைக்க வேண்டும். கேட்கிறவர் யார் என்று அங்கே பார்த்த பிறகே அவருக்கு உரியதை மட்டும் கொடுக்க வேண்டும். பதிவாகும் எடையையும் அங்கே மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். திரையில் செய்யும் சோதனை தவறுதலைத் தடுக்கும். சர்வரில் செய்யும் சோதனைதான் தவறான நோக்கத்தையும் தடுக்கும்.

இவ்வளவும் கேட்ட பிறகு, "இதெல்லாம் எங்களுக்கு எதற்கு? நாங்கள் கணினிக்காரர்களா?" என்று சிலர் கேட்கலாம். எல்லாரும் நிரல் எழுத வேண்டியதில்லை. தைக்கத் தெரியாதவருக்கும் தமக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தெரியும் அல்லவா? அதைப் போல, நமது உழைப்பைக் கணக்கிடும் எந்தத் திரையைப் பார்த்தும் மூன்று கேள்விகள் கேட்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

முதல் கேள்வி: உள்ளே இட்டது என்ன? நம் கண் முன்னால் நிறுத்த எடையைத்தான் பெட்டியில் தட்டினார்களா என்று பார்க்க வேண்டும். இரண்டாம் கேள்வி: எந்த விதிப்படி கணக்கிட்டது? புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வைத்துக்கொள்கிறதா, வெட்டுகிறதா என்று பணிவோடு கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றாம் கேள்வி: எங்கே பதிந்தது? பிற்பாடு நாம் பார்க்க வேண்டும் என்றால் யாரிடம், எப்படிப் பார்ப்பது என்று அறிந்து வைத்திருக்க வேண்டும். இவற்றைச் சண்டையாகக் கேட்க வேண்டாம். எழுதியவருக்கே தெரியாத பிழையாகவும் அது இருக்கலாம். எங்கள் வகுப்பில் நடந்ததே அதற்குச் சான்று.

திரை வந்துவிட்டது என்பதற்காகச் சிட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். தேதி, எடை, விழுக்காடு ஆகிய மூன்றையும் நாள்தோறும் குறித்து வையுங்கள். எழுதக் கை வராத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், பிள்ளைகள் மாலையில் உட்கார்ந்து அவர்களுக்கு எழுதிக் கொடுக்கலாம். அதுவே பிள்ளைகளுக்கு நல்ல கணக்குப் பயிற்சி.

பிள்ளைகளுக்கு ஒரு சொல். கணினி வீட்டில் இல்லையே என்று சோர்ந்துவிடாதீர்கள். எங்கள் பிள்ளைகள் முதலில் தொட்டது தாளும் பென்சிலும்தான். உங்கள் வீட்டுக்குப் பயன்படும் ஒரு திரையைத் தாளில் வரையுங்கள். கடைக்கணக்காக இருக்கலாம், அம்மாவின் சீட்டுக் கணக்காக இருக்கலாம், வாசலில் உள்ள கோழிகளின் முட்டைக் கணக்காகவும் இருக்கலாம். எத்தனை பெட்டி, எத்தனை பொத்தான், எத்தனை எழுத்துப்பலகை என்று முடிவு செய்யுங்கள். பொத்தானை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதைத் தமிழிலேயே வரிசையாக எழுதுங்கள். வெறும் பெட்டி, தவறான எண், மறந்துபோன பழைய விடை ஆகியவற்றுக்கும் வழி எழுதுங்கள். அந்தத் தாளைப் பள்ளியிலோ நூலகத்திலோ உள்ள கணினிக்குக் கொண்டுபோனால், பைத்தானில் எழுதுவது மிஞ்சிய வேலைதான்.

முடிக்கும் முன் ஒரு வீட்டுப்பாடம். முதல் நிறுவை 30 கிலோ, இரண்டாம் நிறுவை 15 கிலோ, விழுக்காடு 30. சரியான விடை என்ன? எழுத்தாக ஒட்டிக்கொண்டால் என்ன வரும்? புள்ளிக்குப் பின்னால் வெட்டிவிட்டால் என்ன வரும்? மூன்றையும் தாளில் போட்டுப் பாருங்கள். பிறகு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்: சரியான விடை 13.5 கிலோ, ஒட்டிக்கொண்டால் 904.5, வெட்டிவிட்டால் 13. இவற்றுள் எந்தப் பிழை கண்ணுக்குப் படும், எந்தப் பிழை படாது என்று வீட்டில் உள்ளவர்களோடு பேசிப் பாருங்கள்.

அந்தத் தாயாரின் மகள் இப்போது எங்கள் பள்ளியை விட்டு இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள். பிள்ளைகள் செய்த அந்தத் திரை இன்னும் எங்கள் பள்ளிக் கணினியில் இருக்கிறது. ஒவ்வோராண்டும் புதிய பிள்ளைகளுக்கு அதைக் காட்டும்போது, 12 என்று காட்டிய பழைய நிரலைத்தான் முதலில் காட்டுகிறோம். "இதில் என்ன குறை?" என்று கேட்கிறோம். முதல் நாளில் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. மறுநாள், வீட்டிலிருந்து சிட்டையைக் கொண்டு வரும் பிள்ளை சொல்லிவிடுகிறது.